ஏலத்தில் எடுத்த மிலிட்டரி ரெக்கவரி வண்டிகள்

ரோட்டில் நின்றுபோன லாரியைக் காப்பாற்றுவதுதான் எங்கள் தொழில், அன்றைக்கு எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆனால்.

சூளகிரி தாண்டி ஹைவேயை ஒட்டி எங்கள் ஷெட் இருக்கிறது. ஓசூரில் நான் லேத் ஓட்டிய கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது, கையில் வந்ததை வைத்து ராணுவம் கழித்துக்கட்டிய இரண்டு ரெக்கவரி வண்டிகளை ஏலத்தில் எடுத்தேன். பத்து டயர், பின்னால் கிரேன், இரும்பு ரோப்பைச் சுற்றி இழுக்கும் வின்ச். பள்ளத்தில் விழுந்த எதையும் மேலே கொண்டுவந்துவிடும். வின்ச்சும் கிரேனும் என்னிடம் வேலை செய்யும் முனிராஜ் பொறுப்பு. அவன் வீட்டில் தெலுங்கு. வண்டியைத் தெலுங்கில் திட்டுவான், கன்னடத்தில் கும்பிடுவான், என்னிடம் தமிழில் டீ கேட்பான். பழைய பைக், பழைய மோட்டார், பழைய டிராக்டர் என்று எதையாவது கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பச்சை பெயின்ட்

ராணுவப் பச்சையில் வண்டி ஓட்டக் கூடாது, நிறம் மாற்ற வேண்டும் என்பது சட்டம். முதல் வண்டியை மஞ்சளாக மாற்றக் கொண்டுபோகும் வழியில் ஜூஜுவாடியில் டீ குடிக்க நிறுத்தினோம். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் எழுந்து வந்தார். வெள்ளை மீசை, நிமிர்ந்த முதுகு. பம்பரைத் தொட்டார், டயரைத் தட்டினார், கண் கலங்கினார். பட்டாளத்தில் இருந்தவர் என்று புரிந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

"எந்தச் சண்டைக்குப் போன வண்டிங்க?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. காகிதங்களைப் பார்த்தால் அது பெரும்பாலும் ராணுவக் கிடங்கான டிப்போவிலேயே நின்றிருக்கிறது, ஓடியதே குறைவு என்று சொன்னேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "நானும் சர்வீஸ் முழுக்க டிப்போதான் சார். இங்க எல்லாரும் என்னை பார்டர்ல இருந்தவன்னு நம்பிட்டு இருக்காங்க, சொல்லிடாதீங்க."

மூன்றாவது வண்டி

வாங்கிய கொஞ்ச நாளிலேயே, முதல் வண்டியும் ரிப்பேரில் நிற்கும்போது, இரண்டாவது வண்டியின் கியர்பாக்ஸ் பல் உடைந்தது. புதுசு கிடைக்காது. செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்துவிட்டது. சேலம், பெங்களூர் என்று காயலான்கடை காயலான்கடையாக அலைந்தோம். கடைசியில் பெங்களூரில் ஒரு யார்டில், அதே மாடல் வண்டி ஒன்று புதருக்குள் கிடந்தது. கியர்பாக்ஸை மட்டும் கழற்றித் தர மாட்டேன், எடுத்தால் முழு வண்டியாக எடு என்றார் யார்டுக்காரர்.

எடுத்துக்கொண்டு வந்தோம். பிரித்துப் பார்த்தால் அதிலும் அதே பல் உடைந்திருந்தது. முனிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சுமதி ஷெட் வாசலிலேயே நின்றாள். ஸ்கூட்டியை விட இடம் தேடினாள், கிடைக்கவில்லை. "ரெண்டு வண்டி ஓடாம நின்ன இடத்துல இப்ப மூணு ஓடாம நிக்குது. தொழில் வளருதுங்க."

தொழிற்சாலை வாசல்

பெரிய பிரஸ் மெஷினை ஏற்றி வந்த டிரெய்லர் ஒன்று, புது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் திரும்பும்போது கால்வாயில் இறங்கிவிட்டது. ஷிப்ட் பஸ்கள் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. அவசரமாகக் கூப்பிட்டார்கள், போனோம். சேஃப்டி ஆபீசர் ஒரு சின்னப் பெண். கோயமுத்தூர்ப் பேச்சு. எங்களுக்கு ஹெல்மெட் கொடுத்தாள், ஷூ கொடுத்தாள், பளபளக்கும் கோட்டு கொடுத்தாள். வண்டிக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. ஆயில் ஒழுகும் வண்டியை உள்ளே விடக் கூடாது என்பது அவர்கள் விதி. எங்கள் வண்டி இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் என்று எல்லா இடத்திலும் ஒழுகும்.

தட்டு வைத்தார்கள், மணல் கொட்டினார்கள், சாக்கு விரித்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்ததும் மேனேஜரே வந்து கும்பிட்டு உள்ளே விட்டார். முனிராஜ் மெதுவாக இழுத்து டிரெய்லரைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டான். யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் மட்டும் புது கான்கிரீட்டில் நாங்கள் வந்த வழியெல்லாம் விழுந்திருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். "ஏனுங்க சார், உங்க வண்டியில இருந்து ஆயில் ஒழுகுதுங்களா, இல்ல ஆயில்ல இருந்து வண்டி ஒழுகுதுங்களா?"

தக்காளி லோடு

தக்காளி ஏற்றிய லாரி ஒன்று சர்வீஸ் ரோட்டில் குழிக்குத் தப்பித் திருப்பியதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மேலே கிரேட்டுகள் அப்படியே இருந்தன, தார்ப்பாய் கட்டியதால் ஒன்றும் கொட்டவில்லை. டிரைவர் குதித்துத் தப்பித்துவிட்டார். எங்களுக்கு அது சுலபமான வேலை. அந்த மாதத்திலேயே இன்ஜின் முதல் தடவையில் ஸ்டார்ட் ஆன நாளும் அதுதான். சரக்கு ஒன்றுகூட நசுங்காமல் நிமிர்த்திக் கொடுத்து, விவசாயி முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

விவசாயி பைக்கில் வந்து சேர்ந்தார். சாய்ந்த லாரியைப் பார்த்தார், ரோப் கட்டிக்கொண்டிருந்த முனிராஜைப் பார்த்தார், பிறகு ரோட்டோரம் போய் உட்கார்ந்தார். பதறாதீங்க, ஒரு பழம்கூட கீழே விழாது என்று தைரியம் சொன்னேன். அவர் முகம் இன்னும் தொங்கிப்போனது. மண்டியில் அன்றைக்குத் தக்காளியை வாங்க ஆளில்லை, பறித்த கூலிக்கே காணாது என்று பிறகுதான் தெரிந்தது. என் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்துச் சொன்னார்: "நிமித்தாதீங்கண்ணா. இங்க கொட்டினா ஆக்சிடென்ட்டுன்னு சொல்லிக்கலாம், மண்டியில கொட்டினா என்னன்னு சொல்றது?"

அஞ்செட்டி மேட்டில்

போர்வெல் போடும் லாரி ஒன்று அஞ்செட்டிப் பக்கம் ஒரு மேட்டுக் காட்டில் மாட்டிக்கொண்டது. வேலை முடிந்து இறங்கும்போது வரப்பு உடைந்து, பின்சக்கரம் ஒன்று கீழ்க்காட்டுப் பக்கம் அந்தரத்தில் தொங்கிற்று. அந்த மலைப்பாதையில் எங்கள் வண்டி ஏறிப்போனதே பெரிய கதை. ரேடியேட்டர் கொதித்து வழியில் நின்று நின்று போனோம். கடைசி ஊரில் ஒரு அம்மா மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார்.

நிலத்துக்காரர் ஒல்லியான மனிதர். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். நாங்கள் வின்ச்சைப் போட்டு இழுக்கும் நேரம் முழுக்க அவர் லாரியைப் பார்க்கவே இல்லை. தோண்டிய குழியின் ஓரத்தில் நின்றார். குழியைச் சுற்றி வெள்ளைப் பொடி மட்டும் குவிந்து கிடந்தது, ஈரமே இல்லை. மனைவியின் நகை அந்தக் குழிக்குள் போயிருந்தது என்று லாரிக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

லாரி மேலே வந்ததும் அவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவில்லை, கிளம்பிவிட்டார்கள். நாங்கள் ரோப்பைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அவர் வந்து வின்ச் டிரம்மின் மேல் கையை வைத்து, சூடு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இம்மாம் பெரிய லாரியவே இழுக்குதே சாமி, அடியில இருந்து ஒரு கொடம் தண்ணிய இழுக்காதா?"

மேலுமலை இறக்கம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மேலுமலை இறக்கத்தில் காலை நேரம், பிரேக் பிடிக்காத கன்டெய்னர் லாரி ஒன்று முன்னால் நின்ற கல் லோடு மேல் மோதிவிட்டது. கேபின் நசுங்கி, டிரைவர் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். சங்ககிரிக்காரர், நாற்பது வயசு இருக்கலாம். போலீஸ் வந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அருகில் இருந்த ரெக்கவரி வண்டி எங்களுடையது ஒன்றுதான்.

போய்ச் சேர்ந்தோம். வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது இன்ஜின் அணைந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிரேக்குக்கு ஏர் இல்லை. டேங்கில் ஏர் ஏறாமல் பிரேக் விடாது, பிரேக் விடாமல் வண்டி நகராது. முனிராஜ் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு மீட்டர் முள்ளையே பார்த்தான். அது அசையவே இல்லை போலிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கேபினில் தொற்றி ஏறி அந்த டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. அவர் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைக்கச் சொன்னார், வைத்தேன். வீட்டிலிருந்து அவர் மனைவி. இவர் குரலைச் சரிசெய்துகொண்டு பேசினார்: "டிராஃபிக் ஜாம்டி. முன்னாடி எவனோ இடிச்சுட்டான். நீ சாப்பிடு, நான் வந்துடறேன்."

ஒருவழியாக ஏர் ஏறியது. கிரேனால் லாரியின் முன்பக்கத்தைத் தாங்கிப் பிடித்து, வின்ச்சால் நசுங்கிய தகரத்தை வெளியே இழுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் ஸ்டீயரிங் அவர் நெஞ்சில் இறங்கும். லீவரைப் பிடித்திருந்த முனிராஜ் வாயில் தெலுங்கும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. நூல் நூலாக இழுத்தான். ஆளை வெளியே எடுத்ததும் லீவரை விட்டுவிட்டு ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தான்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். உயிர் பிழைத்துவிட்டார். இடது காலை முட்டிக்கு மேலேயே எடுத்திருந்தார்கள். ஏர் சீக்கிரம் ஏறியிருந்தால் கால் தங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் மனைவி எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார், அதை எப்படித் தின்பது என்றே தெரியவில்லை. டிரைவர் போர்வையை விலக்கி எனக்குக் காட்டினார். "கிளட்ச் கால்தாண்ணா போச்சு, பிரேக் கால் அப்படியே இருக்கு. ஓட்டிரலாம்தானே?"

முனிராஜ்

போன மழைக்கு ஒரு குவாரியில் டிப்பரை மேலே இழுக்கும்போது ரோப் அறுந்தது. அறுந்த ரோப் பாம்பு மாதிரித் திரும்பும் என்பார்கள். பாம்பாவது பார்த்துக் கொத்தும். இது முனிராஜ் தலைக்கு மேலே போய் எங்கள் வண்டியின் கேபின் தூணை வளைத்துவிட்டு விழுந்தது. அவன் தொப்பி எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தான், மிச்சமிருந்த ரோப்பில் டிப்பரைக் கட்டி வேலையை முடித்தான்.

புது ரோப் வந்தது. அதைப் பாந்தமாகச் சுற்றினான், கிரீஸ் போட்டான், இரண்டு வண்டியின் வின்ச்சையும் இழுத்துச் சோதித்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னான். வீட்டில் சத்தியம் வாங்கிவிட்டார்களாம். இத்தனை வேலை தெரிந்தவன் கேட்டில் நின்று என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் மட்கார்டைத் துடைத்தான். "அங்க வண்டிங்க அதுவா வருது, அதுவா போகுதுண்ணா. கதவைத் திறந்து விட்டா போதும், யாரும் சாக மாட்டாங்க."

இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல், என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு என்னைவிட மோசமான நிலைமையில் இருப்பார்கள் என்பதுதான், அதுவும் எல்லா நாளும் உறுதியில்லை.