எதிராளி ஊதிய மூச்சு

அவளைத் தெருவில் எல்லோரும் கத்திரி என்றுதான் சொல்வார்கள். தையற்கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். நாக்கை வைத்து வந்த பெயர் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். சட்டைக் கை சின்னதாகிவிட்டது என்று யாராவது வந்து நின்றால், "நேத்து ராத்திரி கை வளர்ந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தையலைப் பிரிப்பாள்.

மாடியில் அவளும் கணவனும் மகளும். கீழ்வீட்டில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் மனைவியை அவள் "கீழ இருக்கிறவ" என்றுதான் குறிப்பிடுவாள். மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டாரிடம், "பொண்ணுக்கு இதுல இஷ்டமில்லை, அம்மா மிரட்டி ஒத்துக்க வச்சிருக்காங்க" என்று கீழ்வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். சம்பந்தம் நின்றுபோனது. அன்றோடு பேச்சும் நின்றது. சண்டை நிற்கவில்லை. மேலே இவள் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுப்பாள். கீழே அவள் கதவை அறைந்து சாத்துவாள்.

ஒருநாள் ஒரே வண்டியில் போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்ணன் தம்பி இருவரும் நம்பி, இரண்டு குடும்பத்தையும் ஏரிக்கு அழைத்துப் போனார்கள். கத்திரி வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கீழ்வீட்டுக்காரி கடைசி சீட்டில். வழி முழுக்கப் பின்னால் இருந்தவள் முன்னால் இருந்தவள் முதுகை முறைத்துக்கொண்டே போனாள்.

சாப்பிட்டு முடித்ததும் கத்திரி கை கழுவப் படியில் இறங்கினாள். கடைசிப் படியில் பாசி. கால் வழுக்கியது. அடுத்த கணம் காலுக்குக் கீழே தரையே இல்லை.

கத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். தெருமுனை வரை கேட்கும் குரல் அவளுடையது. ஆனால் தலை மேலே வந்த ஒரு நொடியில் வாய் காற்றைத்தான் இழுத்தது. கத்த மூச்சு மிச்சம் இல்லை. உடனே மறுபடி கீழே போனாள். கையைத் தூக்கி ஆட்ட நினைத்தாள். கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீரை அமுக்கி அமுக்கி உடம்பை மேலே தள்ளப் பார்த்தன. மூச்சை அடக்கினாள். நெஞ்சுக்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. இனி முடியாது என்று வாய் தானாகத் திறந்தபோது தண்ணீர் உள்ளே பாய்ந்தது. தொண்டை இறுகி மூடிக்கொண்டது. தண்ணீரைத் தடுக்க மூடிய தொண்டை காற்றுக்கும் வழிவிடவில்லை.

கூப்பிடு தூரத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான். "உங்கம்மாவைப் பாரேன், தண்ணியில ஆட்டம் போடுறா" என்று மகளிடம் சிரித்தான்.

கீழ்வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. வெறுப்பு அவளை எப்போதும் கத்திரியையே பார்க்க வைத்திருந்தது. அந்த வாய் திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டை வீசிவிட்டு ஓடினாள்.

நீச்சல் தெரிந்தவள். பின்பக்கமாகப் போய்க் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். கரையில் போட்டபோது கத்திரிக்கு நினைவில்லை. உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. வயிற்றை அமுக்கினால் தண்ணீர் வெளியே வரும் என்று கணவன் கை வைத்தான்.

"கைய எடுங்க மாமா! வயித்துல இருக்கிறது மேல வந்து நெஞ்சுக்குள்ள போயிடும்."

அவள் வேலை செய்த தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சி கொடுப்பார்கள். அதில் ரப்பர் பொம்மையிடம் செய்ததை இப்போது செய்தாள். தலையைச் சாய்த்து, மூக்கை அடைத்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பியது. மறுபடி ஊதினாள். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. கத்திரி ஒருமுறை துள்ளி இருமினாள். பக்கவாட்டில் புரட்டியதும் வாந்தி எடுத்தாள்.

கத்திரி கண் திறந்ததும் முதலில் பார்த்தது கீழ்வீட்டுக்காரியின் முகம். பேசாமல் வருஷக்கணக்கில் இருந்தவள் குரல் கரகரக்கச் சொன்னாள்: "யாரு உன்னை முடியப் பிடிச்சு இழுக்கச் சொன்னா?"

"காலைப் பிடிச்சிருக்கணுமோ?" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கத்திரி ஒற்றைக்காலில் நின்றாள். வீடு திரும்பும் வழியில் இருமல் நிற்கவில்லை. பேச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தது. "பயந்துட்டா, தூங்கினா சரியாயிடும்" என்றான் கணவன்.

"தூங்க விடாதீங்க. மூச்சை நாய் மாதிரி வாங்குறா பாருங்க. வண்டியத் திருப்புங்க."

"யாரைடி நாய்ங்கிற?" என்று கத்திரி திரும்பினாள். அந்தக் கேள்விக்கே அவள் மூச்சு போதவில்லை. வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. கொழுந்தன் வண்டியைத் திருப்பினான்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் இறுக்கமான மூச்சுக்கவசம் மாட்டி, ஆக்ஸிஜனை அழுத்தமாக உள்ளே செலுத்தினார்கள். டாக்டர் மகளிடம் விளக்கினாள்: "நுரையீரல் உள்ள குட்டிக் குட்டியாக் காத்துப் பைகள் இருக்கும். அது ஒட்டிக்காம இருக்க ஒரு மெல்லிய படலம் பூசியிருக்கும். உள்ள போன தண்ணி அதைக் கழுவிட்டுப் போயிடுச்சு. பைகள் சுருங்கிடுச்சு, ரத்தத்துல இருக்கிற நீரும் கசிஞ்சு உள்ள வருது. கரையில நல்லாப் பேசினாங்கன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்."

கவசத்துக்குள் கத்திரியால் பேச முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கீழ்வீட்டுக்காரி நனைந்த உடையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. செத்தாலும் இவளுக்குக் கடன்படக் கூடாது என்று நினைத்தவள். இப்போது ஒவ்வொரு மூச்சும் அவள் ஊதிக் கொடுத்ததாகவே தோன்றியது. அவமானமாக இருந்தது. கோபம்கூடச் சரியாக வரவில்லை என்பதுதான் கூடுதல் கோபம்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றினால் நெஞ்சு படபடத்தது. முகம் கழுவக்கூட நனைத்த துணியைத்தான் தேடினாள்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாம்மா" என்று மகள் நச்சரித்தாள். பிறகு, அதுவரை சொல்லாததையும் சொன்னாள்: "அவங்க அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுல சொன்னது, நான் சொல்லச் சொன்னதுதான்."

கத்திரி எழுந்தாள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று இறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது.

"என் பொண்ணு உன்கிட்ட சொன்னா, நீ என்கிட்ட வந்திருக்கணும். அவங்ககிட்ட போனதை நான் மன்னிக்கல."

"மன்னிக்கச் சொல்லி நான் கேட்டேனா? வந்திருந்தா காது குடுத்துக் கேட்டிருப்பீங்களா?"

கத்திரி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

"மூச்சு வாங்குது. நாளைக்கு வந்து சண்டை போடுங்க" என்று சொல்லி, கீழ்வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள்.