சிஞ்ஞோராவின் வாளி

சென்ற மாதம் கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் நண்பர் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்து. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். யாரோ சற்று முன்தான் வரெக்கினா என்ற வெளுப்புத் திரவம் ஊற்றித் தரையைக் கழுவியிருந்தார்கள். அந்த மருந்து நெடியோடு யன்னல் வழியே கடல் வாடையும் வந்தது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம், மேசைக்குத் திரும்பாமல் அந்த யன்னலோரம் நின்றுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நகர நடுவில் பொலிதேயாமாவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வீட்டுக்கார அம்மாவின் மாடிப்படிகளை வரெக்கினா போட்டுக் கழுவுவதுதான் என் உத்தியோகம். ஊருக்கு எழுதும்போது 'கட்டடப் பராமரிப்பு' என்று எழுதுவேன். பக்கத்துப் போர்கோ வெக்கியோவில் என்னோடு அறையில் இருந்தவன் சூசை, மன்னார்க் கடற்கரைக்காரன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். திங்கட்கிழமை கடை பூட்டு. முதலாளி தன் துடுப்புப் படகை அன்று அவனிடம் விட்டுவிடுவார். மத்தியானம் என் வேலை முடிந்ததும் இருவரும் கணவாய் பிடிக்கப் போவோம். எனக்கோ கணவாயைக் கறிச்சட்டிக்குள் மட்டும்தான் தெரியும்.

காற்றின் போக்கில் படகை விட்டுத் தூண்டிலை இறக்கவேண்டும். படகு வேகமாகப் போனால் தூண்டில் சரிந்து மேலே வந்துவிடும், கணவாய் திரும்பியும் பாராது. அதற்குத்தான் வாளி. சிஞ்ஞோராவின் படி கழுவும் வாளியைப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோவேன். சூசை அதைக் கயிற்றில் கட்டிப் படகின் முன்பக்கமாகக் கடலில் விடுவான். அது வாய் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படகைத் தடுக்கும். கயிற்றை நீளவிட்டால் வேகம் குறையும், குறுக்கினால் கூடும். அடியில் ஒரு துளை போட்டால் வெட்டி இழுக்காது என்பான். பிறகு சிஞ்ஞோராவுக்கு நான் என்ன சொல்வது? துளை போட நான் விடவில்லை.

அவன் கண் தூண்டிலைவிட கடலுக்குள் நீட்டி நிற்கும் மலை முனையில்தான் அதிகம் இருக்கும்.

"அதைத் தாண்டினா காவல் படகு நிக்கும், அண்ணை. உங்களிட்டை இஞ்சை இருக்க விடுற பெர்மெஸ்ஸோ இருக்கு. என்னட்டை இந்த வாளிதான்."

ஒரு திங்கள் சிஞ்ஞோரா வீட்டுக்கு விருந்தாளிகள். என்னை நிற்கச் சொன்னார். சரி என்றேன். மிஞ்சப்போகும் இறைச்சியிலும் ஒரு கண்தான். வாளி படிக்குக் கீழே கிடந்தது. பின்னேரம் யன்னல் கதவுகள் அடிக்கத் தொடங்கின. மலைப்பக்கமிருந்து கடலை நோக்கிச் சூடான காற்று. நான் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவன் போயிருக்கமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போயிருந்தான். மூன்றாம் நாள் குவெஸ்தூராப் பொலிஸ் நிலையத்திலிருந்து வந்தான், பதினைந்து நாளில் நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் தாளோடு. வாளிக்குப் பதிலாகக் கடையின் பெரிய பாஸ்தாச் சட்டியைக் கட்டினானாம்.

"சட்டியின்ரை காது கழண்டிட்டுது. முனை எவ்வளவு கெதியா வந்தது தெரியுமே, அண்ணை."

முனையைத் தாண்டியதும் காவல் படகு அவனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிரான்சுப் பக்கம் போவதாகச் சொல்லிப் பையோடு ரயிலேறினான்.

"போய்ச் சேந்த உடனை அறைக்குப் போன் எடுக்கிறன்."

எடுக்கவில்லை. அதே வாளியால் இன்னும் ஆறு வருடம் படி கழுவினேன். ஒவ்வொரு முறை தண்ணீர் அள்ளும்போதும் கைப்பிடியில் கயிறு தேய்ந்த தடம் விரலில் படும்.

இப்போது அந்தச் சாப்பாட்டுக் கடை கைமாறிவிட்டது. விருந்தன்று படகு எங்கே என்று கேட்டேன், புதிய முதலாளிக்குத் தெரியவில்லை. சிஞ்ஞோரா காலமாகிவிட்டார். குடும்பம் வந்து சேர்ந்ததும் நானும் போர்கோ வெக்கியோ அறையை விட்டேன். அங்கிருந்த தொலைபேசியை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். சூசையிடம் இருந்தது அந்த ஒரே இலக்கம்.