முந்நூறு பீடியும் ஒரு கணக்குப் பரீட்சையும்

அன்றைக்கு அந்த ஓட்டு வீட்டுக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, வலது கையில் துணி சுற்றிக்கொண்டு படுத்திருந்த அவளுடைய அம்மா, பக்கத்து வீட்டுக்காரப் பெண், எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், அப்புறம் நான். வாசலில் கட்டியிருந்த ஆட்டைச் சேர்க்கவில்லை. எதையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். அதனால்தானோ என்னவோ, இத்தனை வருஷம் கழித்தும் ஆள் கணக்கு பிசகாமல் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் அது. அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தேன். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணம் ஆகும்வரை வீட்டில் பீடி சுற்றினேன்.

எங்கள் தலைமை ஆசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. அரசுப் பரீட்சை நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் எல்லோரும் புங்கமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு டீச்சர். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், யாருக்குக் காய்ச்சல், யார் ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு என் தூக்குவாளியில் இட்லி இருக்கும். வாசலில் நின்று தலையை எண்ணுவது என் வேலை. நான் மூன்று தடவை எண்ணுவேன். டீச்சர்மார் சிரிப்பார்கள்.

கணக்குப் பரீட்சையன்று மூன்று தடவை எண்ணியும் ஒரு தலை குறைந்தது.

யார் என்று தெரிந்ததுமே எனக்குக் காரணமும் தெரிந்துவிட்டது. முந்தின பரீட்சையன்று அந்தப் பிள்ளை குழாயடியில் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பீடித் தூளின் அந்த மஞ்சள் கறை எனக்குத் தெரியாதா? கேட்டேன். அம்மா கையில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டதாம். அப்பா இல்லாத வீடு. இவள்தான் விடிய விடிய உட்கார்ந்து சுற்றுகிறாளாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைத் திட்டுவார்களோ, அவளுக்கு மானக்கேடோ என்று எனக்கு ஆயிரம் பயம்.

தலைமை ஆசிரியையிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்பது இருபது. பத்தரைக்கு மேல் வந்தால் பரீட்சை அறைக்குள் விடமாட்டார்கள். விளையாட்டு டீச்சரிடம் மொபெட் இருந்தது. எனக்கு வீடு தெரியும். அவ்வளவுதான், ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதுவரை நான் மொபெட்டில் ஏறியதே இல்லை. பாலத்தின் மேல் போகும்போது ஆற்றைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு டீச்சரின் இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். டீச்சர் மூச்சு விட முடியவில்லை என்று கத்தினார்கள். நான் விடவில்லை.

போய்ப் பார்த்தால் பிள்ளை மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். அம்மா படுத்தபடியே போகச் சொல்லிக் கெஞ்சுகிறாள். பக்கத்து வீட்டுக்காரப் பெண்ணும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். விஷயம் இதுதான்: ரெண்டு வாரமாகப் பீடி குறைகிறது. அன்றைக்கு மூன்று மணிக்குள் பீடிக் கடையில் ஆயிரம் பீடி போடாவிட்டால் வரவு எழுதும் பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பாஸ்புக் இல்லை என்றால் இலை கிடையாது, தூள் கிடையாது, அந்த வீட்டுக்குச் சோறும் கிடையாது. எழுநூறு முடிந்திருந்தது. மிச்சம் முந்நூறு.

பிள்ளை தலை நிமிராமலே சொன்னாள்: "பரீட்சைய அடுத்த தடவ எழுதிக்கிடலாம் டீச்சர். பாஸ்புக்கு போனா வராது."

எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சுளகை அவள் மடியிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"நானும் ஏழாங் கிளாசுல இப்படித்தாம்ட்டி சொன்னேன். அந்த அடுத்த தடவ எனக்கு இன்னும் வரல. எந்திரி."

அவள் அசையவில்லை. அப்போ முந்நூறை யார் சுற்றுவது என்று கேட்டாள். மொபெட்டில் ரெண்டு பேர்தான் போக முடியும், எப்படியும் எனக்குத் திரும்பிப் போக இடமில்லை, பேசாமல் போ என்று சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையைக் கையில் எடுத்தேன். ஒன்று சுற்றி, நூல் கட்டி, அவள் முன்னால் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் எழுந்தாள். காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த ஹால் டிக்கெட்டை உருவிக்கொண்டு, ஜடையைக்கூடப் பின்னாமல் ஓடினாள். மணி பத்தாக ஐந்து நிமிஷம்.

மொபெட் சத்தம் தேய்ந்து மறைந்ததும் என் மனசு ஆரம்பித்துவிட்டது. பாலத்தில் லாரி மறித்திருந்தால்? டயர் பஞ்சராகியிருந்தால்? வாசலில் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்த யோசனையில் முதல் பத்துப் பீடி கோணலும் மாணலுமாக வந்தது. அம்மாக்காரி படுத்தபடியே அதை எடுத்துப் பார்த்தாள். "யக்கா, இது சுருட்டா பீடியா? அவுத்துருங்க" என்றாள். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பாலமும் லாரியும் மறந்துபோயின. விரல் தானாகப் பழைய வேகத்துக்குப் போனது. பன்னிரண்டு வருஷமாகத் தொடாத வேலை!

பக்கத்து வீட்டுக்காரப் பெண் தன் சுளகையும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் அன்றைக்கு ஆயிரம் போட வேண்டும். என்னால் உங்களுக்குச் சுற்றித் தர முடியாது, ஆனால் தனியாகச் சுற்றினால் நீங்கள் பயந்தே செத்துப்போவீர்கள் என்றாள்.

பதினொன்றேகாலுக்கு மறுபடி மொபெட் சத்தம். டீச்சர் இறங்குவதற்கு முன்னாலேயே நான் வாசலுக்கு வந்துவிட்டேன், மடியிலிருந்த தூளெல்லாம் ஆட்டின் மேல் கொட்ட. பத்து இருபதுக்கு உள்ளே விட்டுவிட்டார்களாம். மஞ்சள் விரலோடு பேனாவைப் பிடித்து எழுத ஆரம்பித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் கிளம்பினார்களாம். அம்மாக்காரி எழுந்து உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

டீச்சரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒரு பீடி சுற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரப் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க பந்தே வெளாடுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகு டீச்சர் இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டு போடும் வேலையைப் பார்த்தார்கள்.

ரெண்டரை மணிக்கு ஆயிரமும் முடிந்தது. கடையில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். கடைக்காரர் ஒரு கட்டை அவிழ்த்து, முகர்ந்து, நசுக்கிப் பார்த்தார். மற்றக் கட்டுகளை நான் இன்னொரு தடவை எண்ணினேன். "இது யார் கை? புதுசா இருக்கே" என்றார். பழைய கை என்றேன். பாஸ்புக்கில் வரவு வைத்துத் தந்தார்.

மறுநாள் தலைமை ஆசிரியை என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். பிள்ளைகள் உன்னிடம்தான் சொல்கிறார்கள், ஊருக்குச் சொல்ல வேண்டாம், என் ஒருத்தியிடம் மட்டும் சொல் என்றார்கள். அந்த வருஷத்திலிருந்து மரத்தடியில் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடியது: வீட்டில் உன் தலையில் என்ன வேலை இருக்கிறது? அதைக் கேட்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என் பயத்துக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பிள்ளை கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கித் தேறினாள். இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரீட்சையெல்லாம் முடிந்த அன்றே முந்நூறு பீடிக்கான கூலியைக் கையில் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். நான் வாங்கவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு எழுதி வைத்துக்கொண்டாள். இப்போதும் பொங்கலுக்கு வரும்போதெல்லாம், "ஆயாம்மா, ஒங்க பாக்கிய வாங்கிக்கிடுங்க" என்று நீட்டுகிறாள். நான் மாட்டேன் என்கிறேன். வாங்கிவிட்டால் கணக்கு முடிந்து அவள் வருவது நின்றுவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். என் வாழ்க்கையில் நான் விரும்பி வைத்திருக்கிற ஒரே பயம் அதுதான், அதன் விலை, அந்த முந்நூறு பீடிக்கு அவள் தர வேண்டிய ஒன்பது ரூபாய்.