பாதி ஆணி

ராஜபாளையத்தில் நான் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்குள் நுழைந்தபோது, காலி செய்துகொண்டிருந்த வேலுத்தாயக்கா ஆணி பிடுங்கிய ஓட்டையில் பற்பசையைப் பிதுக்கி விரலால் வழித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவரில் தடமே தெரியவில்லை. விட்டுப்போகிற வீட்டையெல்லாம் அவர் அப்படித்தான் ஒப்படைப்பார்.

என் கையில் கண்ணாடி போட்ட பட்டமளிப்புப் படம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் ஊர் கான்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பார்த்தவர், "இப்பத்தான அடைச்சேன். பரவால்ல, மாட்டுங்க தம்பி. ஆனா பாதி ஆணிதான் எறக்கணும். அப்பத்தான் புடுங்கையில காரை பேராது" என்றார்.

அவர் பிடுங்கிய ஆணியில் தொங்கியது இறந்துபோன அவர் கணவர் தவசிமுத்துவின் படம். மாலை போட்ட படம் தன் சுவரில் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அக்கா வாதாடவில்லை. படத்தைப் பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். வேறு இடம் தேடினார். இதுவரை எத்தனை வீடு என்று கேட்டேன். "எண்ணுனா மட்டும் ஒண்ணு நம்மளுதாயிருமா?" என்றார்.

அவர் வேலை பார்க்கும் நூற்பாலையில்தான் நானும் சேர்ந்திருந்தேன். நான் ஆய்வகம், அவர் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவு. பக்கத்து மிஷினில் நூர்பானு. அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது; உதட்டசைவிலேயே வருஷக்கணக்காகப் பேசி வளர்ந்த சிநேகிதம் அது. மகன் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டதால், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நூர்பானு வீட்டு முன்னறை சும்மா கிடந்தது. வரச் சொல்லி அவர்தான் கூப்பிட்டார். நூர்பானு வீட்டுக்காரியாகிவிட்டால் சிநேகிதி போய்விடுவாளோ என்ற பயத்தோடேயே அக்கா போனார்.

மாதங்கள் ஓடியும் டிரங்குப் பெட்டி திறக்கவில்லை. தொழுகை நடக்கிற வீட்டில் படம் மாட்டலாமா என்று கேட்டு நூர்பானுவைச் சங்கடப்படுத்த அக்காவுக்கு மனமில்லை. வெறும் சுவரைப் பார்த்துப் பார்த்து, இவள் இங்கேயும் தங்க மாட்டாள் என்று நூர்பானு முடிவுகட்டிவிட்டார். மிஷினிலிருந்து அக்கா பக்கம் திரும்பி உதட்டை அசைப்பதுகூட நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். டீயை என்னிடம் கொடுத்துவிட்டு நூர்பானு சுவரைக் காட்டினார்.

"ஒரு ஆணி அடிச்சாளா பாருங்க தம்பி. போறவதான் இப்படி இருப்பா."

வேலுத்தாயக்கா டிரங்குப் பெட்டியைப் பார்த்தார்.

"நீ தொழுவுற வீடு. அவிய படத்த நான் எப்படி மாட்டுவேன்?"

நூர்பானுவின் முகம் மாறிவிட்டது.

"நான் தொழுவுறது உள்ள. இது ஒன் ரூமுடி. அண்ணன எம்புட்டு நாளாப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்க?"

உள்ளே போய் அவரே சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்து கொடுத்தார்.

அக்கா ஆணியைச் சுவரில் வைத்து அடித்தார். பாதி இறங்கியதும் பழகிய கை தானாக நின்றது. நூர்பானுவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஓங்கி அடித்தார். காரை பெயர்ந்து தரையில் விழுந்தது, அவர் நிறுத்தவில்லை.