பார்க்காமல் எழுதிய காய்ச்சல்

2020 மே மாதம் மேனாம்பேட்டில் கொரோனா சந்தேகத்தில் எல்லம்மாவின் வீட்டு வாசலை மறித்து மாநகராட்சி ஆட்கள் தகரம் அடித்தார்கள். அதற்குக் காரணம் சுரேகாதான் என்று தெருவுக்கே தெரியும்.

சுரேகா அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். ஊரடங்கில் கம்பெனி மூடியது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கும் தற்காலிக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்ட வேண்டும். தெருவில் அதற்குத் துப்பாக்கி என்று பெயர். அது காட்டும் எண்ணை நோட்டிலும், கதவருகே ஒட்டிய தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் பார்த்தாள். பூ விற்கும் எல்லம்மாவுக்கு நூற்றொன்று காட்டியது. எழுதினாள். மறுநாள் தகரம் வந்தது. ஐந்தாம் நாள் சோதனை முடிவும் வந்தது, நோய் இல்லை. ஆனால் அதைப் பிரிக்க வேண்டியவர்கள் வேறு தெருவில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லம்மா பதினான்கு நாள் உள்ளேயே கிடந்தாள்.

அதன்பிறகு கதவுகள் திறக்கவில்லை.

"வந்துட்டாடா துப்பாக்கிக்காரி!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். "இன்னாமே, இன்னைக்கு யாரு ஊட்டுக்குத் தகரம்?"

"என் ஊட்டுக்கே அடிச்சிக்கிறேன், போதுமா?" என்றாள் சுரேகா.

"அடிச்சிக்க. நிம்மதியா இருப்போம்."

உள்ளிருந்தபடியே "நார்மல், எழுதிக்கோ" என்றார்கள். எழுதிக்கொண்டாள். முதலில் பத்து வீடு, பிறகு எல்லா வீடும். 97.4 என்று எழுதினாள். சில நாள் 97.6 என்றும் எழுதினாள். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று யோசிக்கிற அளவுக்கு அவளுக்கு விவரம் இருந்தது. ஜூன் நடுவில் ஒரு மாலைப் பத்திரிகையில், அந்தப் பகுதியில் காய்ச்சல் ஏறக்குறைய இல்லை என்று செய்தி வந்தது. செய்தியை எழுதியவர் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்ததை எழுதினார். தானும் அதைத்தான் செய்ததாக சுரேகா நினைத்துக்கொண்டாள்.

அதே வாரம், ஆவடி தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற ஜெயராமனின் மனைவி ராணி, கேட்டுக்கு வெளியே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அவருக்கு ஒடம்பு சுடுது சுரேகா. நீ அத போடாத. தகரம் அடிச்சா தெருவுல தல காட்ட முடியாது."

"மாத்திரை குடுத்தீங்களாக்கா?"

"கஷாயம் வெச்சிக் குடுத்துகினுதான் கீறேன்."

சுரேகா தாளில் 97.4 என்று எழுதினாள். ஒன்பதாம் நாள் ஜெயராமன் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன் கிருபாகரன், இ-பாஸ் வாங்கி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அந்தத் தாள் மட்டும் இருந்தது. அப்பா மூச்சுக்குத் தவித்த நாட்களிலும் 97.4. அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, இந்தக் கணக்கு பொய் என்று ஒரு வீடியோ போட்டான். இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள், தவறான தகவல் என்ற குறிப்போடு அது நீக்கப்பட்டது. திரும்பப் போட்டான், அவன் கணக்கையே முடக்கினார்கள். ஒரு தொலைக்காட்சி, வதந்திகளுக்கு உதாரணமாக அதில் ஐந்து நொடியைக் காட்டியது.

அவன் சுரேகாவிடம் வந்தான். ராணியும் பின்னால் வந்திருந்தாள்.

"அக்கா, பாக்காமதான் எழுதினேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. வீடியோவ நீக்கினதுக்கு முறையீடு போடணும்."

சுரேகா ராணியைப் பார்த்தாள். ராணி தரையைப் பார்த்தாள்.

"பாத்துதான் எழுதினேன் தம்பி" என்றாள் சுரேகா. வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

கிருபாகரன் பெங்களூருக்குத் திரும்பவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். முதலில் எண்களை நம்பாமல் இருந்தான். பிறகு அந்த நோயே இல்லை என்றான். அப்பாவை ஆஸ்பத்திரியில் கொன்றுவிட்டார்கள் என்றான். தடுப்பூசி, செய்தி, ரத்தப் பரிசோதனை, ஒவ்வொன்றாக நம்புவதை விட்டான். அவன் தொடங்கிய இடம் சரியானது. அதனால்தான் அவனோடு வாதாட யாராலும் முடியவில்லை.

போன அக்டோபரில், மறுபடி காலர் தைக்கப் போய்க்கொண்டிருந்த சுரேகாவுக்கு ராணி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"நாலு நாளா ஜுரம், எழுந்து நிக்க முடியல. டெங்கு டெஸ்ட்டெல்லாம் ஏமாத்து வேலன்றான் பையன். நீ வந்து சொல்லேன்."

சுரேகா அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். ராணி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கிருபாகரன் லேப்டாப்பை மூடவில்லை.

"தம்பி, உங்கப்பாவுக்கு நான் பாக்காமதான் எழுதினேன். எல்லம்மாவுக்கு அப்புறம் தெருவுல யாருக்குமே பாக்கல."

இதைச் சொல்லும்போது அழுகை வரும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

அவன் திரையில் தட்டிக்கொண்டிருந்த வரியை முடித்தான். "இப்ப எதுக்கு இத சொல்றீங்க?"

"நீ சொன்னது நெசம். ஆனா நோயும் நெசம். அம்மாவ ஆஸ்பத்திரிக்கு உடு."

"யார் அனுப்பினாங்க உங்கள?"

"நான்தான்டா கூப்ட்டேன்" என்றாள் ராணி. "அன்னிக்கு அவள எழுதாதன்னு சொன்னதும் நான்தான்."

அவன் அம்மாவைப் பார்த்தான். "உன்ன யாராவது மிரட்டினாங்களா?"

"என்ன மிரட்ட நான் இன்னா மந்திரியா?"

அவன் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஒத்துக்கல. இன்னைக்குக் கேக்காமயே ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க" என்று மட்டும் சொன்னான்.

ராணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். சுரேகா அவள் தோளைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றும்வரை அவன் தடுக்கவில்லை. வாசலில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்டோவின் நம்பர் பலகையையும் எடுத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பிரிவு மேசையில் இருந்த பெண், "எத்தனை நாளாம்மா?" என்று கேட்டாள்.

"நேத்து ராத்திரிலேர்ந்து" என்றாள் ராணி.

"நாலு நாள்" என்றாள் சுரேகா. "நாலுன்னு எழுதுங்க."

அந்தப் பெண் இருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள்.