யார் போட்ட கரண்டி

காலை ஐந்து ஐம்பதுக்கு மைதானத்திலிருந்து போன் வந்தது. ஓடிக்கொண்டிருந்த மகள் நடுவில் உட்கார்ந்துவிட்டாளாம். நான் போனபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடியை எண்ண முடியாத அளவுக்கு வேகம்.

கூத்தாநல்லூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டா?"

"கஞ்சி. அதுல ஒரு கரண்டி பவுடர்."

"என்ன பவுடர்?"

தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் நான். பதினாறு வயது மகளுக்குப் பத்து நாளாக அதைக் கலந்து கொடுத்திருக்கிறேன். மாவட்டப் போட்டிக்கு ஓடுகிற பிள்ளை என்று, பக்கத்து வீட்டுக் கடைக்கார பாயின் தம்பி குவைத்திலிருந்து அன்பாகக் கொண்டுவந்த டப்பா. ஆங்கிலம் இருந்த பக்கம் ஈர அலமாரியில் ஒட்டிக் கிழிந்துவிட்டது. மிச்சம் இருந்தது அரபி.

கணவரைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. வயலில் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்து மறியல் செய்ய விடியுமுன் நன்னிலம் போயிருந்தார். அங்கே போலீஸ் எல்லோரையும் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பதாகப் பிறகு தெரிந்தது.

போன் பண்ணியதும் பாய் எங்கள் வீட்டிலிருந்த டப்பாவோடு ஓடிவந்தார். "எழுத்துக் கூட்டிடுவேன் டீச்சர். அர்த்தம் தெரியாது, குர்ஆன் ஓதத்தானே கத்துக்கிட்டேன்."

அவர் தம்பி குவைத்தில் பல வருஷமாக லாரி ஓட்டுகிறவர். அரபி சரளமாகப் பேசுவார், ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. அதனால் பாய் அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிக் கூட்டிப் படித்தார். ஓதும் புத்தகத்தில் உயிரொலி காட்ட இருக்கிற மேல்கீழ்க் குறிகள் டப்பாவில் இல்லை, தடுமாறினார்.

"அப்படி ஒரு வார்த்தையே இல்லண்ணே, மாத்திச் சொல்லு."

"நீ குடுத்த டப்பாதானேடா! நீயே வந்து படி!"

நாலைந்து முறை மாற்றிச் சொன்ன பிறகு தம்பிக்குப் பிடிபட்டது. அப்புறம் சொன்னார்: "காப்பியில இருக்கிற சரக்கு டீச்சர், ரொம்ப அதிகமா இருக்காம். ஒரு நாளைக்கு ஒரு கரண்டிதான். பதினெட்டு வயசுக்குக் கீழ கூடவே கூடாதாம். சத்து மாவுன்னு சொல்லித்தான் இங்க கடையில எனக்குக் குடுத்தான்... மன்னிச்சிடுங்க."

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "ஒரு கரண்டிக்கு இவ்வளவு படபடப்பு இருக்காதே. நிஜமா எவ்வளவு எடுத்தேம்மா?"

"கஞ்சியில அம்மா போட்டது மட்டும்தான்."

டப்பாவைத் திறந்தேன். பத்துக் கரண்டிதான் குறைந்திருக்க வேண்டும். அடித்தகரம் தெரிந்தது; காலை அவசரத்தில் நான் கவனித்ததே இல்லை. எலி? கொட்டியதா? எத்தனை தடவை யோசித்தும் மகளிடம்தான் வந்து நின்றது.

"பொய் சொல்லாத. எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ணுவாங்க" என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நாடி அடங்கியது. பாய்க்குப் பதில் சொன்னாள், நர்ஸுக்குப் பதில் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்புவதா, திட்டுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மண்டபத்திலிருந்து விட்டதும் கணவர் நேரே வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் புழுதி. அவளைப் பார்த்தார், என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே சொன்னார்:

"பள்ளிக்கூட அவசரத்துல நீ மறந்துடுவேன்னு, அவ மைதானத்துக்குக் கொண்டுபோற எலுமிச்சை ஜூஸ் பாட்டில்ல தினம் நானும் ஒரு கரண்டி போட்டேன். போட்டி கிட்ட வந்துடுச்சேன்னு இன்னைக்கு ரெண்டு."