ஃபுல் மீல்ஸுக்கு ஓட்டுப் போட்டவர்கள்

தலை நரைத்த பிறகு மந்திரவாதிக் கதை படிக்கிறேன் என்று என் மகள் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை தோறும் போனில் ஓர் அத்தியாயம் வரும். மலைக்கு அப்பால் ஒரு ராஜ்ஜியம், சண்டைக்கார ராணிகள் இருவர், பேசுகிற கழுகு ஒன்று. அதைப் படித்து முடிக்காமல் நான் அடுப்படிப் பக்கம் போவதில்லை.

எழுதுகிறவர் அத்தியாயங்களுக்குத் தலைப்பு வைக்க மாட்டார், வெறும் எண்தான். அதனால் வாசகர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு, கதையில் நடக்கிற பெரிய சம்பவங்களுக்குத் தாங்களே பேர் வைப்பார்கள். ஆளுக்கொரு பேர் சொல்லி, ஓட்டுப் போட்டு, ஜெயித்த பேரே நிலைக்கும். மூத்த ராணி கோட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டதற்கு 'ஆடித் தள்ளுபடி' என்று பேர். அதற்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

என்னை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டது மானகிரி டீச்சர். காரைக்குடியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். என்னைவிட ரொம்ப இளையவள். ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே மகன் இருந்தான். மாதா கோயில் பக்கத்து மண்டபத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். சாப்பாட்டில் ஏதோ கெட்டுப்போய் நிறையப் பேர் வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொண்டார்கள். அவன் பிழைக்கவில்லை. பந்தியில் கேசரி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைக்கு, ஒரே ஒரு வாய் என்று கெஞ்சித் தன் கையால் ஊட்டியிருக்கிறாள்.

அந்தச் சாவுக்கு அவள் தெருவில் 'கேசரி கேஸ்' என்று பேர். முதலில் எந்தப் புண்ணியவான் வாயிலிருந்து வந்ததோ, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் பால் வாங்கப் போனால், "கேசரி கேஸ் வீட்டம்மா" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். கெட்ட எண்ணத்தில்கூட இல்லை, அடையாளத்துக்குச் சொல்கிறார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அத்தியாயம் வந்தது. ஊரை எதிரிகள் வளைத்துவிட்டார்கள். விடிந்தால் பிள்ளைகளை அடிமைகளாகப் பிடித்துப் போய்விடுவார்கள். தாய்மார்கள் ஒன்றுகூடி, இருக்கிற அரிசியையெல்லாம் வடித்து, விஷம் கலந்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஊட்டுகிறார்கள். படித்து முடித்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தாள்.

"ஆச்சி, படிச்சீகளா?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அழுகைதான். அப்புறம், "இதுக்காச்சும் ஒரு நல்ல பேரு வைக்கணும் ஆச்சி. 'கடைசிக் கவளம்'னு வைக்கச் சொல்லட்டா?" என்றாள்.

குழுவில் அவள் அந்தப் பேரை மட்டும் எழுதினாள். ஏன் என்று எழுதவில்லை. நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். அடுத்து ஒருவன், "ஃபுல் மீல்ஸ்" என்று எழுதிப் பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சியை ஒட்டினான். அவ்வளவுதான், குழுவே உருண்டு புரண்டது. ஓட்டு முழுக்க அங்கே போய் விழுந்தது. வாழை இலையில் மண்டையோடு வரைந்து ஒருவன் படம் போட்டான். 'எக்ஸ்ட்ரா சாம்பார் கேட்ட பிள்ளை முதலில் அவுட்' என்றான் இன்னொருவன். "பிள்ளைகள் சாகிற இடத்துக்கு இந்தப் பேரா?" என்று எழுதினேன். "அம்மா, சில் பண்ணுங்க, கதைதானே" என்று பதில் வந்தது. கதைதான் என்றால் அதற்காக வாரம் முழுக்க ஏன் காத்துக் கிடக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

சில மாதம் கழித்து வாசகர் சந்திப்பு என்று அறிவித்தார்கள். இடம் எதுவென்று பார்த்தால், கொத்தமங்கலத்தில் இருக்கிற எங்கள் வீடு. வீடு எங்களுடையது என்றாலும் பங்காளிகள் பல பேர். சினிமாக்காரர்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுவதை என் அப்பாவின் அண்ணன் பெரியப்பச்சியின் மகன் கவனித்துக்கொள்கிறார். "படிக்கிற பிள்ளைகதேன் வருதுக. சாப்பிட்டுட்டுப் போயிருதுக" என்றார்.

நான் போவதாகவே இல்லை. டீச்சர்தான் பிடிவாதம் பிடித்தாள்.

"நேர்ல சொன்னாக் கேப்பாக ஆச்சி. போன்லதேன் மனுசங்க அப்படி இருப்பாக. எம் புள்ளையப் பத்திச் சொல்லி, பேரை மாத்தச் சொல்லிக் கேக்குறேன்" என்றாள். யாரிடமும் வாய் திறக்காதவள், முகம் தெரியாத கூட்டத்திடம் மகனைப் பற்றிச் சொல்லத் துணிந்துவிட்டாள். அந்த ஒரு பேருக்காக.

போனோம். வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவில் நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். எல்லா இலையிலும் நுனி வலது கைப் பக்கம் இருந்தது. சாவு வீட்டில் மட்டும்தான் அப்படிப் போடுவோம். எங்கள் கல்யாணங்கள் நடக்கிற வளவு அது. எனக்கும் அங்கேதான் தாலி ஏறியது, என் மகளுக்கும் அங்கேதான்.

"யாரம்மா இலை போட்டது?" என்றேன். கறுப்புச் சட்டை போட்ட பெண் ஒருத்தி திரும்பினாள். சட்டையில் 'ஃபுல் மீல்ஸ்' என்று அச்சடித்திருந்தது. "தீம் ஆன்ட்டி! தெரியாம போடல. யூடியூப்ல பாத்து கரெக்டா போட்டிருக்கோம்" என்றாள், பெருமையாக. தெரியாமல் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதற்குள் குழுவினர் தங்கள் பிள்ளைகளையே கொண்டுவந்து இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். சோறும் பருப்பும் பரிமாறினார்கள். ஒருவர் கை தட்ட, பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பக்கவாட்டில் சரிய வேண்டும். பெற்றவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஓர் அப்பா குனிந்து, "நாக்க இன்னும் கொஞ்சம் வெளிய நீட்டு" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சீ, இவர்களும் பெற்றவர்களா என்று வாய்விட்டே சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

டீச்சர் என் பக்கத்திலிருந்து போய்விட்டதை அப்போதுதான் கவனித்தேன். நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்த அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோறு சிந்தாமல் இலையை மெல்லத் திருப்பி நேராக வைத்தாள். பருப்பை விட்டுப் பிசைந்தாள்.

"எந்திரி சாமி. சாப்பிடு. ஒண்ணும் செய்யாது."

அந்தப் பெண் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, எழுந்து வாயைத் திறந்தாள். அடுத்த பிள்ளைக்கும் டீச்சர் இலையைத் திருப்பி ஊட்டினாள். பசியோ என்னவோ, மற்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக எழுந்து தாங்களே சாப்பிட ஆரம்பித்தன. டீச்சர் எச்சில் கையோடு நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எம் புள்ளைக்கும் நாந்தேன் ஊட்டுனேன். அதோட போயிட்டான். இந்தப் பேரை மாத்திருங்க, ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

ஒருவன் கை தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். விசில் அடித்தார்கள். "செம ஆன்ட்டி! அந்த அம்மா கேரக்டராவே மாறிட்டீங்க" என்றான் குழுவை நடத்துகிறவன். உண்மை என்று நான் கத்தினேன். ஆச்சியும் நாடகத்தில் உண்டு என்று நினைத்து எனக்கும் தட்டினார்கள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து வாடகைக் காரில் ஏற்றினேன்.

காரைக்குடியைத் தாண்டுவதற்குள் அவள் ஊட்டிய காட்சி குழுவில் வந்துவிட்டது. அதற்கும் பேர் வைக்க ஓட்டெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் பழைய ஓட்டெடுப்பைத் தோண்டி, தோற்றுப்போன பேரை எடுத்துப் போட்டிருந்தான். 'ஆன்ட்டியோட சீனுக்கு இதுதான் செட் ஆகும்' என்று கீழே ஒரு குறிப்பு. கடைசிக் கவளம். எல்லோரும் அதற்கே ஓட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து சீட்டில் டீச்சரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கப் போனேன், அவளே அணைத்துப் பைக்குள் போட்டாள். மானகிரியில் வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்.

"தெருவுல யாரு என்ன சொன்னாலும், எனக்குள்ள நான் அவன் போனதை 'கடைசிக் கவளம்'னுதேன் சொல்லிக்குவேன் ஆச்சி. கதையில வச்சா அவனுக்கும் சேத்து வச்ச மாதிரின்னு நெனச்சேன். அதையும் எடுத்துக்கிட்டாக."

நான் அவள் கையைப் பிடித்தேன். விரல் இடுக்கில் பருப்புச் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இனி எம் புள்ளைக்குக் கேசரி கேஸுதேன்" என்றாள்.